தேறிய மட்டை

வந்தவளின் இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த கண்ணால் அவள் அந்த அறையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மேசை. அதன் பின்னால், நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்ட ஓர் அம்மாள். ஜன்னலோரம் ஸ்டூலில் கொஞ்சம் தொப்பையோடு ஓர் ஆள். சுவரை அடைத்து நின்ற அலமாரி நிறைய உடைந்த சாமான்கள்: பிடி கழன்ற குக்கர், கால் முறிந்த நாற்காலி, நடுவில் பிளந்த ஹெல்மெட்.

"துப்பறியும் நிலையம்னு போர்டு பார்த்தேன்," என்றாள் சந்தேகத்தோடு. "இடம் மாறி வந்துட்டேனோ?"

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றான் ஸ்டூலில் இருந்தவன். "இவங்க துப்பறிவாங்க. நான் இவங்க பொண்ணைக் கட்டின குத்தத்துக்குக் கூடவே போய் வர்றேன்."

அந்த வட்டாரத்தில் அவர்களுக்கு மாமியார், மருமகன் என்றே பெயர். மாமியார் வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு சோதனைக்கூடத்தில் சாமான்களை உடைத்துக்கொண்டிருந்தவர். ஏணியோ இஸ்திரிப் பெட்டியோ குழந்தை நாற்காலியோ, எது வந்தாலும் அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்பது மருமகனின் கணிப்பு. அந்தச் சோதனை முதலில் தன் மேல்தான் நடந்தது என்றும் சொல்வான். அவர் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதுகூட 'ங்க' குறையாது.

வந்தவள் ஒரு நர்ஸ். குழந்தைகள் வார்டில் வேலை. கணவன் ஸ்கூட்டர் மெக்கானிக், சொந்தப் பட்டறை. இருவரும் சாயங்கால நேரங்களில் வீட்டுக்குப் பக்கத்து ஹாலில் ஷட்டில் ஆடுவார்கள். போன வாரம் அப்படி ஆடும்போதுதான் கண்ணில் அடிபட்டது. அவள் வலையோரம் நின்றிருந்தாள், கணவன் பின்னால். பின்பக்கம் ஏதோ படாரென்று கேட்டது, திரும்பினாள், அவ்வளவுதான் ஞாபகம். எதிரே ஆடியவர்களுக்கும் அவள் விழுந்தது தவிர வேறு ஒன்றும் நினைவில்லை. பார்வை முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

அன்று காலையிலிருந்தே இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை; அவன் எந்த மட்டையோடு ஆடினான் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கணவன் டாக்டரிடமே சொல்லிவிட்டானாம்: கோபத்தில் ஓங்கி அடித்தேன், கையிலிருந்தது பழைய இரும்பு மட்டை, அதன் தலை ஆடுகிறது என்று தெரியும், தெரிந்தேதான் அடித்தேன், முறிந்து அவள் மேல் போய் விழுந்தது. உடைந்ததைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் சொன்னான். அதிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. படுக்கை பட்டறையில்.

அவளுக்கு ஓர் அண்ணன். பெற்றோர் போன பிறகு அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்தவன் அவன்தான். இப்படிப்பட்டவனோடு நீ வாழவே வேண்டாம், போலீசில் சொல்லிவிடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இன்று சாயங்காலம் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வருகிறான்.

"அவர் கோபக்காரர்தான். இல்லேங்கல," என்றாள் நர்ஸ். "ஆனா என் மேல ஒரு நாள் கை ஓங்கினது கிடையாது. அவரே நான்தான் பண்ணினேன்னு சொல்றார். சொல்ற விதம்தான் எனக்கு இடிக்குது. ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறல. எங்க வார்டுல, மருந்தைக் குடிக்காமலே குடிச்சிட்டேன்னு சொல்ற பிள்ளைங்க இப்படித்தான் சொல்லும்."

"அவர் வேணும்னே அடிச்சாரான்னு தெரியணும். அவ்வளவுதானே?" என்றார் மாமியார்.

"ஆமா. அப்படின்னா அண்ணன் கூடப் போறேன். இல்லேன்னா..." அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தாள். புருவத்தில் குத்தியிருந்த துண்டை டாக்டர் எடுத்தபோது, நர்ஸ் என்பதால் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

டப்பாவுக்குள் ஒரு கறுப்புச் சிலாம்பு, பென்சிலுக்குள் இருக்கும் குச்சி போல. ஒரு முனையில் நார் நாராகப் பிரிந்திருந்தது. மாமியார் மேசை மேலிருந்த குண்டூசி டப்பாவை மருமகன் பக்கம் நகர்த்தினார். அதன் மூடியில் காந்தம். அவன் சிலாம்பை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். குண்டூசிகள் எழுந்து நின்றன. சிலாம்பு அசையவே இல்லை.

"இரும்புக் குடும்பத்துக்கு இது தூரத்துச் சொந்தம்கூட இல்ல அத்தை," என்றான்.

"மட்டையைப் பத்தி யாராவது சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்கும்," என்றார் மாமியார்.

அதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை என்றாள் நர்ஸ். அவள் அண்ணனுக்கே அதுதான் வேலை. விளையாட்டுச் சாமான் கடையில் புதிதாக வரும் ஒவ்வொரு மட்டையையும் ஆடிப் பார்த்து, எது கைக்கு இதம், எது நாள்பட நிற்கும் என்று பேசி வீடியோ எடுத்துப் போடுவான். ஷட்டில் ஆடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'ராக்கெட்'.

*

கடைக்குள் நுழையும்போது மாமியார் மருமகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: நாம் மட்டை வாங்க வந்திருக்கிறோம். உள்ளே போனதும் சத்தமாகவே, "எங்க மாப்பிள்ளைக்குத் தொப்பை குறையணும். எதை வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் தொப்பையைப் பார்த்தார்கள்.

ராக்கெட் ஒல்லியான, சுறுசுறுப்பான ஆள். மட்டை என்றதும் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். முதலாவது முழுக்க இரும்பு. இரண்டாவது தலை அலுமினியம், தண்டு கார்பன். மூன்றாவது தலை முதல் அடி வரை கார்பன்.

மருமகனை இரும்பு மட்டையைப் பிடித்து வீசச் சொன்னான். காற்றே கனமாகிவிட்டது போல இருந்தது. பந்து பட்டால் டொக்கென்று ஒரு சத்தம், முழங்கை வரை ஒரு இடி. ராக்கெட்டின் கருத்துப்படி, வீட்டு வாசலில் ஆடுகிறவர்களுக்கு இதுவே போதும். கீழே போடலாம், மிதிக்கலாம், குழந்தைகூட அதன் மேல் ஏறி நிற்கலாம். மிஞ்சிப் போனால் வளையும். வளைந்ததைத் தொடையில் வைத்து நிமிர்த்திக்கொள்ளலாம். முறிந்து தெறித்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை.

இரண்டாவது இதைவிட இலேசு. ஆனால் நரம்பை இழுத்துக் கட்டக் கட்ட அலுமினிய வளையம் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். பந்து ஒரு பக்கம் பாய்ந்தால் மனசு ஒரு பக்கம் பாயும் என்றான் ராக்கெட். மருமகனுக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது.

மூன்றாவதைக் கையில் வாங்கியதும் மருமகன் வாயை மூடிக்கொண்டான். கையில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. மணிக்கட்டைச் சுண்டினால் அது முந்திக்கொண்டு போனது. ராக்கெட் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். பட்டென்று ஒரு சின்னச் சத்தம், பந்து கடையின் கடைசி அலமாரியில் போய் உட்கார்ந்தது. மருமகன் தன் கையையே மரியாதையோடு பார்த்தான்.

"இதுக்கு ஒரே குணம்," என்றான் ராக்கெட். "வளையாது. நசுங்காது. போறதுன்னா ஒரே நொடியில போயிடும், நார் நாரா."

உழைக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மாமியார் கேட்டார். ராக்கெட் ஆர்வத்தோடு அவர்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். சின்ன முற்றம். நடுவில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஓர் இரும்புக் கம்பம். இரட்டையர் ஆட்டத்தில் கூட ஆடுகிறவரின் மட்டையோடு நம் மட்டை மோதுவது சகஜம், அந்த அடியைத் தாங்குகிறதா என்று இந்தக் கம்பத்தில் மோதிப் பார்ப்பேன் என்றான். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, கை ஓயும் வரை. சில மட்டைகள் அங்கேயே முறிந்துவிடும். முறியாமல் நின்றது தேறியது.

கம்பத்தின் இடுப்பு உயரத்தில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மாமியார் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார்.

"தேறின மட்டையெல்லாம் என்ன ஆகும்?"

ராக்கெட் மருமகன் கையிலிருந்த மட்டையை வாங்கி உறையில் போட்டு ஜிப்பை மூடினான். "இங்கேயே எங்கயாவது கிடக்கும்," என்றான்.

யாரோ ஒரு பெண்ணுக்கு மட்டை உடைந்து கண்ணில் பட்டதாகக் கேள்விப்பட்டோம், அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார் மாமியார். ராக்கெட்டின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

"அது என் தங்கச்சிதான்," என்றான். "அவ புருஷன் பண்ணின வேலை. பழைய இரும்பு மட்டை. முறிஞ்சு தெறிச்சிடுச்சு."

வெளியே வந்ததும் மருமகன் சொன்னான்: "அத்தை, இரும்பு முறியவே முறியாதுன்னு முதல்ல சொன்னார். இரும்பு முறிஞ்சதுன்னு அப்புறம் சொன்னார். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. அந்தக் கடையில பேசினதுல என் தொப்பை ஒண்ணுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை."

"தெரிஞ்சா சரிங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "பட்டறைக்குப் போகலாம்."

*

மெக்கானிக் ஒரு ஸ்கூட்டரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அகலமான தோள், கழுத்து வரை கிரீஸ். மனைவி அனுப்பியதாகச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். கண் எப்படி இருக்கிறதாம் என்று கேட்டான். அப்புறம் கேட்காமலே ஆரம்பித்தான். கோபத்தில் ஓங்கி அடித்தேன், பழைய இரும்பு மட்டை, தலை ஆடுகிறது என்று தெரியும், தெரிந்தேதான் அடித்தேன். நர்ஸ் சொன்னது சரி. ஒரு வார்த்தை மாறவில்லை.

அவன் சொல்லி முடிப்பதற்குள் மருமகன் பட்டறையை ஒரு சுற்று வந்துவிட்டான். டியூப்கள் தொங்கிய சுவரில் ஓர் ஆணியில் விளையாட்டுப் பை மாட்டியிருந்தது. அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த பிடியைப் பிடித்து இழுத்தான். வந்தது ஒரு பழைய இரும்பு மட்டை. முழுசாக இருந்தது. தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடவே இல்லை.

"செத்துப் போச்சுன்னு சொன்ன ஆள் இங்க சௌக்கியமா இருக்கார் அத்தை," என்றான்.

மெக்கானிக் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். 

"உடைஞ்சதை எடுத்துட்டு வாங்க தம்பி," என்றார் மாமியார். "நீங்க அதைக் குப்பையில போட்டிருக்க மாட்டீங்க. கெட்டுப் போன பழைய பிளக்கைக்கூடத் துடைச்சு எடுத்து வச்சிருக்கற பட்டறை இது."

அவன் கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்தான். முழுக் கார்பன் மட்டை, சிவப்பு நிறம். தலையும் தண்டும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே முறிந்து இரண்டாக இருந்தது. தலையின் உச்சியில் விளிம்பைச் சுற்றிப் புது நாடா ஒட்டி, பாதி உரித்திருந்தது. உரித்த இடத்தில் வரிசையாக நசுங்கல்கள். ஒவ்வொரு நசுங்கலிலும் துளி மஞ்சள் பெயிண்ட்.

மருமகன் கையிலிருந்த இரும்பு மட்டையை மெல்லக் கீழே வைத்தான். 

கல்யாண நாளுக்கு மச்சான் கொடுத்த மட்டை அது என்றான் மெக்கானிக். புதிது என்றுதான் நினைத்தானாம். நர்ஸுக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் ஆட ஆரம்பித்த நாளிலிருந்தே கையில் ஏதோ சரியில்லை.

"ஸ்கூட்டர்ல எங்கயோ ஒரு நட்டு லூஸா இருந்தா ஹேண்டில்ல ஒரு கூச்சம் வரும் பாருங்க, அந்த மாதிரி இருந்தது. மச்சான்கிட்ட சொன்னேன். உங்க கை இரும்புக்குப் பழகின கை மாப்பிள்ளை, கார்பனோட சுகம் போகப் போகத்தான் புரியும்னு சிரிச்சார். எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் நான் பேசல. ஊர் ஸ்கூட்டரையெல்லாம் தொட்டுப் பார்த்தே சொல்றவன் நான். என் கையில இருந்ததைச் சொல்லாம விட்டுட்டேன்."

நாடாவை எப்போது உரித்தீர்கள் என்று மாமியார் கேட்டார். அடிபட்ட அன்றே, ஆஸ்பத்திரி வராந்தாவில், உட்கார்ந்திருக்க முடியாமல் என்றான். மஞ்சளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கம்பத்தை வீடியோவில் பார்க்காதவர் யார். அந்த நேரம் பார்த்து மச்சான் ஓடி வந்தான்.

"வந்தவர், அவ எப்படி இருக்கான்னு முதல்ல கேட்கல. எந்த மட்டைன்னு கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டைக்குள்ள இதை ஒளிச்சுக்கிட்டு, பழைய இரும்புன்னு சொன்னேன். அவருக்கு மூச்சு வந்தது."

"உங்க மேல பழி போட்டுக்கிட்டாவது அவரை ஏன் காப்பாத்தணும்?" என்றார் மாமியார்.

"அவளுக்கு அப்பா, அம்மா எல்லாம் அவர்தான். என்னை வெறுத்தா அவளுக்கு ஒரு புருஷன் போவான். அவரை வெறுத்தா அவளுக்குப் பிறந்த வீடே போயிடும்." அவன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கிரீஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. "அதோட, நான் சொல்றது முழுப் பொய்யும் இல்லீங்க. அன்னிக்குக் கோபத்துலதான் அடிச்சேன். பந்தைத்தான் அடிச்சேன். ஆனா கோபம் அவ மேல."

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க எனக்கு வேலை கொடுக்கல தம்பி. அவங்கதான் கொடுத்தாங்க," என்றார். "வண்டியை எடுங்க."

*

அவர்கள் போய்ச் சேரும்போது ராக்கெட் ஏற்கெனவே தங்கை வீட்டில் இருந்தான். தங்கை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். உள்ளே வந்தவர்களைப் பார்த்து ராக்கெட்டுக்கு முதலில் விளங்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க எங்க இங்க?" என்றான்.

"யாரைக் கேக்கறீங்க? இங்க ரெண்டு மாப்பிள்ளை இருக்கோம்," என்றான் மருமகன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மாமியார் சுற்றி வளைக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் மேல் துணியை விரித்து உடைந்த மட்டையை வைத்தார். நர்ஸைப் பார்த்துச் சொன்னார்: உங்கள் புருவத்தில் தைத்தது இதன் துண்டு. இரும்பு மட்டை முழுசாகப் பட்டறையில் இருக்கிறது. அவர் கோபத்தில் அடித்தது நிஜம். மட்டை முறிந்தது அந்தக் கோபத்தால் இல்லை. ஏற்கெனவே அடி தின்று தின்று உள்ளே விரிசல் விட்டுப்போயிருந்த மட்டை, எவர் கையில் இருந்தாலும் முறிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த உங்கள் அண்ணன் முதலில் கேட்டது உங்களைப் பற்றி இல்லை, எந்த மட்டை என்றுதான்.

நர்ஸ் குனிந்து ஒற்றைக் கண்ணால் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தாள். அவளும் அந்த வீடியோக்களைப் பார்த்தவள்தான். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

அது வேறு மட்டையாக இருக்கும் என்றான் ராக்கெட். மாமியார் தன் கட்டைவிரலைக் காட்டினார். மத்தியானம் கம்பத்தில் சுரண்டிய மஞ்சள் நகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டையின் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். ராக்கெட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"உடையலைன்னுதான் கொடுத்தேன்," என்றான்.  "எத்தனை அடி அடிச்சேன் தெரியுமா? அந்தத் தடவை வந்ததுல மத்ததெல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் நின்னுது. இதைவிட உறுதியானது கடையிலேயே இல்லைன்னு நினைச்சேன் பாப்பா. உனக்கு, மாப்பிள்ளைக்குன்னு பொறுக்கி எடுத்து, நாடா ஒட்டிக் கொடுத்தேன்."

மருமகன் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தான். கடையில் ராக்கெட் பெருமையாகச் சொன்னதுதான். முறியாமல் நின்றது தேறியது. தாங்குமா என்று பார்த்தே அதைத் தாங்காமல் பண்ணிவிட்டு, தாங்கும் என்று நற்சான்று கொடுத்து, பாசமாகத் தங்கை வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

"தெரியாம கொடுத்தது சரி," என்றாள் நர்ஸ் மெதுவாக. "ஆஸ்பத்திரியில வந்து எந்த மட்டைன்னு கேட்டியாமே. அப்பவே உனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சுதான் இவரை ஸ்டேஷனுக்கு இழுக்கப் பார்த்தியா?"

"இரும்புன்னு அவரே சொன்னார். அதையே பிடிச்சுக்கிட்டேன். அவரைத் திட்டிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வந்தது."

மெக்கானிக் குறுக்கே வந்தான். மச்சானை ஒன்றும் சொல்லாதே, கையில் வித்தியாசம் தெரிந்தும் ஆடினவன் நான், தப்பு என் மேல் என்று ஆரம்பித்தான். நர்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்க அன்னிக்குப் பின்னாலேருந்து 'பந்தை விடு, விடு'ன்னு கத்தினீங்க. எனக்கு நல்லாக் கேட்டுது. உங்க மேல இருந்த கோபத்துல விடாம பின்னாடி வந்தேன். முன்னாலேயே நின்னிருந்தா என் மேல பட்டிருக்காது. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்ல சொல்லியிருப்பேனான்னும் தெரியல." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "குத்தத்தை ஆளாளுக்கு எடுத்து மேல பூசிக்கிட்டு இருக்கோம். கண்ணு என்னோடது. யாருக்கு எவ்வளவுன்னு நான் சொல்றேன். இன்னிக்கு இல்ல. நீங்க ராத்திரி வீட்டுக்கு வந்து படுங்க."

ராக்கெட் எழுந்து அவள் காலடிக்கு வரப் பார்த்தான். அவள் பின்வாங்கினாள்.

"இரு அண்ணா. தேறின மட்டை வேற எங்கெல்லாம் கொடுத்திருக்க?"

மாமியார் கேட்பதற்காக வாயைத் திறந்திருந்தார். அதே கேள்வி. மூடிக்கொண்டார்.

ராக்கெட்டின் முகம் முதலில் ஒன்றும் புரியாதது போல இருந்தது. பிறகு புரிந்தது. அது அவன் முகத்தில் நடப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஹால்ல... சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு," என்றான். "வசதியில்லாத பிள்ளைங்க. இரும்பு மட்டையைத் தூக்க முடியாம ஆடுதுங்கன்னு, தேறினதையெல்லாம் அங்க..."

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். செருப்பைத் தேடினாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம்.

*

மெக்கானிக் தன் பட்டறை வேனை ஓட்டினான். வழியில் மருமகன் ஹாலுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான். மணி அடித்தது, எடுப்பாரில்லை.  

ஹாலுக்குள் பந்தடிக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. உள்ளே நாலு கோர்ட்டிலும் பிள்ளைகள். வலையோரம் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் ஒரு பிள்ளை எம்பி எம்பி அடித்துக்கொண்டிருந்தது. ராக்கெட் செருப்போடு கோர்ட்டுக்குள் ஓடினான். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையை வீசினான். பயிற்சி கொடுக்கிற பெண் கோபத்தோடு விசிலை ஊதிவிட்டு வந்தாள். யாரென்று பார்த்ததும் சிரித்தாள். பிள்ளைகள் 'ராக்கெட் அங்கிள்' என்று சூழ்ந்துகொண்டார்கள்.

விஷயத்தை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாசல் பக்கம் நின்றாள், கண்ணில் கட்டோடு. அவளுக்காக அவள் அண்ணன் எத்தனையோ இடங்களில் பேசியிருக்கிறான். இதை அவள் அவனுக்காகப் பேசப் போவதில்லை என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"நான் கொடுத்த மட்டையெல்லாம் உடையும்," என்றான் பயிற்சிப் பெண்ணிடம். "தெரிஞ்சு கொடுக்கல. ஆனா நான்தான் கொடுத்தேன். அதுல ஒண்ணுதான் என் தங்கச்சி கண்ணுல பட்டுது. அது தெரிஞ்ச பிறகும் நான் வாயைத் திறக்கல."

பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. அவள் வாசலைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்க்காமலே, எல்லோரும் மட்டையைக் கொண்டுவந்து கீழே வையுங்கள் என்றாள்.

ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வரிசையில் ஒரு சிறுமி மட்டும் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றாள். பிடியில் தன் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்.

"இது தேறின மட்டை. ரொம்ப ஸ்ட்ராங்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

ராக்கெட் அவள் முன்னால் முட்டி போட்டான். நான் சொன்னது தப்பும்மா என்றான். அவள் நம்பவில்லை. அவன் மட்டையை மெல்ல வாங்கி, ஒரு கையில் தலையையும் ஒரு கையில் பிடியையும் பிடித்துக்கொண்டு, கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற அளவுக்குத்தான் அழுத்தினான். சத்தம் பெரிதாக இல்லை. மட்டை அவன் கையில் இரண்டாகியிருந்தது.

 சிறுமி அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சற்று முன்பு வரை வலையோரம் நின்றிருந்த அவள் தோழி, ஏதோ புரிந்து, பயிற்சிப் பெண்ணின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

ராக்கெட் எழுந்திருக்கவில்லை. இரண்டு துண்டையும் பிடித்தபடி அப்படியே இருந்தான். மெக்கானிக் வேனிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து, துண்டுகளை அவன் கையிலிருந்து எடுத்துப் போட்டான். மாமியார் மருமகனின் கையைத் தொட்டு, நாம் போகலாம் என்று ஜாடை காட்டினார்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது நர்ஸ் உள்ளே நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு கண்ணோடு நடக்க இன்னும் பழகவில்லை, கோர்ட்டின் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் தோளில் கை வைக்கவில்லை.

"அடுத்த பிள்ளைகிட்ட மட்டையை வாங்கு அண்ணா," என்றாள்.